கீமோ எடுக்கும்போது வரும் மறதி: தலைப்பாரத்தை எங்கே இறக்கி வைப்பது

புற்றுநோய்க்கு எடுத்த மூன்றாவது கீமோ முடிந்து நாலைந்து நாள் இருக்கும். மாத்திரை அட்டையைப் பாதியாக வெட்ட வேண்டியிருந்தது, மகளைக் கூப்பிட்டேன். என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும், அந்தப் பொருள் கண்முன்னால் படமாக நிற்கிறது, பெயர் மட்டும் வரவில்லை. "அதை எடுத்துட்டு வாம்மா... அந்த ரெண்டு காலை விரிச்சு வெட்டுமே, அது" என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. நோய் மூளைக்குப் போய்விட்டதோ, இனிமேல் இப்படித்தானோ என்று விடியும்வரை அதே நினைப்பு.

அந்த ராத்திரி எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயங்களைத்தான் இங்கே எழுதுகிறேன். நீங்கள் கீமோவில் இருந்தால் உங்களுக்கு, வீட்டில் ஒருவர் எடுத்துக்கொண்டிருந்தால் உங்கள் இருவருக்கும்.

முதலில், இதற்குப் பெயர் இருக்கிறது. நோயாளிகள் 'கீமோ பிரெயின்' என்கிறார்கள், சிலர் மூளை மூட்டம் என்கிறார்கள். சொல் நாக்கு நுனியில் வந்து நின்றுவிடும், அறைக்குள் போய் எதற்கு வந்தோம் என்று திகைப்போம், ஒரே பக்கத்தை மூன்று தடவை படிப்போம், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் ஒருவர் பேச்சும் மண்டையில் ஏறாது, முன்பு பத்து நிமிடத்தில் முடித்த வேலை முக்கால் மணி நேரம் இழுக்கும். 2017ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த 581 பெண்களையும், நோய் இல்லாத 364 பெண்களையும் ஒரே கேள்விகள் கேட்டு ஒப்பிட்டார்கள். கீமோ முடிந்து 6 மாதம் ஆன பிறகும், சிகிச்சைக்கு முன்பு இருந்ததைவிட யோசனையும் ஞாபகமும் குறைந்துவிட்டதாகச் சொன்னவர்கள் 36.5 சதவீதம். நோய் இல்லாதவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 13.6 சதவீதம். ஆக, வயதாகிவிட்டது, கவலைப்படுகிறாய், அதனால்தான் மறக்கிறது என்று யாராவது தள்ளிவிட்டால் நம்பாதீர்கள். கவலைக்கும் இதில் பங்கு உண்டு, முழுப் பழியையும் அதன் தலையில் போட முடியாது.

ஏன் வருகிறது என்பதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. நோயும் மருந்தும் சேர்ந்து உடம்பு முழுக்க ஓர் அழற்சியைக் கிளப்பிவிடுகின்றன, அதன் தாக்கம் மூளைவரை போகிறது. சில மருந்துகள் நேராகவே மூளைக்குள் நுழையும், ஃபைவ் எஃப்யூ அப்படி ஒன்று. மெத்தோட்ரெக்ஸேட் என்ற கீமோ மருந்து கொடுத்த எலிகளை ஸ்டான்ஃபோர்டில் ஆராய்ந்து 2018ல் எழுதியவர்கள், நரம்பு இழைகளைச் சுற்றியிருக்கும் உறையைப் புதுப்பிக்கும் செல்கள் குறைந்துபோவதைக் கண்டார்கள். உறை மெலிந்தால் செய்தி மெதுவாகத்தானே போகும்! இதோடு ரத்தசோகை, தூக்கமின்மை, மாதவிடாய் திடீரென்று நின்றுபோவது, ஹார்மோன் மாத்திரைகள் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. கீமோ தொடங்கும் முன்பே இந்தத் தடுமாற்றம் தெரிகிறவர்களும் இருக்கிறார்கள், அதனால் மருந்தை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது.

எனக்கு மிகவும் உதவியது ஒரு சின்ன ஆராய்ச்சிக் கதை. 2007ல் வெளியானது. 60 வயது இரட்டைச் சகோதரிகள், ஒரே மரபணு. ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்து கீமோ எடுத்திருந்தார், மற்றவருக்கு நோயே இல்லை. இருவருக்கும் ஞாபகப் பரிசோதனை வைத்தபோது மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஞாபகத்துக்கான ஒரு வேலையைச் செய்யும்போது எடுத்த ஸ்கேனில், கீமோ எடுத்தவரின் மூளையில் இன்னும் பரந்த பகுதி வேலை செய்துகொண்டிருந்தது. அதாவது அதே விடைக்கு அதிக உழைப்பு. பரிசோதனையில் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார்கள், எனக்கு மட்டும் ஏன் சாயங்காலமானால் தலை சுருண்டு விழுகிறது என்று குழம்புகிறவர்கள் இதை ஒரு தடவை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டே பேரை வைத்துப் பார்த்தது, எல்லோருக்கும் இதுதான் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் எனக்கு நடந்தது அப்படியே இதுதான்.

அதனால்தான் நான் சொல்ல வருவது ஒரே விஷயம்: இன்னும் கஷ்டப்பட்டு ஞாபகம் வைக்க முயற்சி செய்யாதீர்கள். ஏற்கெனவே கூடுதல் வேலை செய்கிற மூளை அது. அதன் பாரத்தை எடுத்து வெளியே வையுங்கள்.

இதற்கு முன் ஓர் எச்சரிக்கை

நான் சொல்லிக்கொண்டிருப்பது மெல்ல வருகிற, ஒரு நாள் கூடியும் ஒரு நாள் குறைந்தும் இருக்கிற மந்தம். திடீரென்று வருகிற குழப்பம் வேறு. இன்றைக்கு என்ன நாள், எங்கே இருக்கிறோம் என்பதே தெரியவில்லை, பேச்சு குழறுகிறது, ஒரு பக்கக் கை கால் வலுவிழக்கிறது, வலிப்பு, தாங்க முடியாத தலைவலி, எழுப்பினாலும் கண் திறக்க முடியாத தூக்கம், இல்லாததைப் பார்த்துப் பேசுவது, இவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மறுநாள்வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். கீமோ நாட்களில் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டாலே அவசரம்தான், அதோடு குழப்பமும் சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது. ரத்தத்தில் சோடியம் குறைந்தாலும் ஆள் இப்படித் தடுமாறுவார். ஐஃபாஸ்ஃபமைட் என்ற மருந்து ஏறும்போதோ ஏறி முடிந்த ஓரிரு நாளிலோ குழப்பம் வந்தால் நர்ஸிடம் அப்போதே சொல்லிவிட வேண்டும். இதை வீட்டில் இருப்பவர்தான் கவனிக்க வேண்டும், குழம்பியவருக்குத் தான் குழம்பியிருப்பது தெரியாது.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது

"மறதியா இருக்கு டாக்டர்" என்று சொன்னால் "கீமோவில் இருக்கீங்க, அப்படித்தான் இருக்கும்" என்று பதில் வந்து அதோடு பேச்சு முடிந்துவிடும். எனக்கு இரண்டு தடவை அப்படி முடிந்தது. மூன்றாவது தடவை ஒரு வாரக் குறிப்பை எழுதி எடுத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு நாளும் நான்கே விஷயங்கள்: என்ன தவறியது, எத்தனை மணிக்கு, முந்தின இரவு எத்தனை மணி நேரம் தூங்கினேன், அன்று என்னென்ன மாத்திரை போட்டேன். "செவ்வாய், மாலை 4 மணி, அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டேன், தூக்கம் 3 மணி நேரம்" என்கிற மாதிரி. அதைப் படித்ததும் அவர் முகமே மாறியது, ஏனென்றால் மோசமான நாட்கள் எல்லாம் ஸ்டீராய்டு மாத்திரை போட்ட நாட்களை ஒட்டியே இருந்தன. சாயங்காலம் போட்டுக்கொண்டிருந்த டெக்ஸாமெத்தசோன் என்ற அந்த ஸ்டீராய்டைக் காலைக்கு மாற்றித் தந்தார், தூக்கம் கொஞ்சம் திரும்பியது, தூக்கத்தோடு சேர்ந்து தலையும் கொஞ்சம் தெளிந்தது. நீங்களாக நேரத்தை மாற்றிவிடாதீர்கள், கேட்டு மாற்றுங்கள்.

இதனால்தான் சொல்கிறேன், மந்தம் முழுவதையும் கீமோவின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. அதில் ஒரு பங்கு சரிசெய்யக்கூடியதாக இருக்கும். ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, சோடியம், சர்க்கரை, இவற்றைப் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் மேஜையில் கொட்டி, "இதில் எது தூக்கக் கலக்கம் தரும், எது தலையை மந்தமாக்கும்?" என்று நேராகக் கேளுங்கள். வலி மாத்திரை, வாந்திக்கான மாத்திரை, அலர்ஜி மாத்திரை, தூக்க மாத்திரை, இவை நான்குமே அந்த வேலையைச் செய்யக்கூடியவை. மனசு பாரமாக இருக்கிறது, எதிலும் பிடிப்பில்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மனச்சோர்வும் ஞாபகத்தைத் தின்னும், அதற்குச் சிகிச்சை இருக்கிறது.

ஒரே நோட்டு

இனி வீட்டு வேலை. ஒரு நோட்டு வாங்குங்கள். ஒன்றே ஒன்று. நான் முதலில் செய்த தவறு, கிடைத்த தாளிலெல்லாம் எழுதியது. உறையின் பின்பக்கம், காலண்டர் ஓரம், போனில் மூன்று இடம். எழுதியது எங்கே என்று தேடுவதே புது வேலையாகிவிட்டது. சட்டைப்பையிலோ கைப்பையிலோ அடங்குகிற அளவில் ஒரு நோட்டு, அதில் நூல் கட்டிய ஒரு பேனா. பேனா கட்டியே இருக்க வேண்டும், பேனா தேடிப் போகும் பத்து அடியில் எழுத வந்தது மறந்துவிடும். எழுதுவதைவிடப் பேசுவது சுலபம் என்றால் போனில் குரலாகப் பதிந்துகொள்ளலாம், ஆனால் அப்போது எல்லாமே அங்கேதான் இருக்க வேண்டும்.

ஒரு நாளுக்கு ஒரு பக்கம். மேலே தேதியும் கீமோவின் எத்தனையாவது நாள் என்பதும். அதன் கீழே அன்றைக்கு முடித்தே ஆக வேண்டிய வேலைகள், மூன்றுக்கு மேல் எழுதாதீர்கள். ஏழு எழுதினால் நாலு மிச்சமாகும், அந்த நாலைப் பார்த்தே மனசு உடைந்துபோகும். நடுவில் யார் பேசினார்கள், என்ன சொன்னார்கள். "டாக்டர் ஆபீஸிலிருந்து போன், வெள்ளி 10 மணி, வெறும் வயிறு" என்று பேசிக்கொண்டிருக்கும்போதே எழுதுங்கள், போனை வைத்த பிறகு எழுதலாம் என்று விட்டால் போயிற்று. எதிரில் இருப்பவரிடம் "கொஞ்சம் நில்லுங்க, எழுதிக்கறேன்" என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். எழுதியதைத் திருப்பி ஒரு தடவை வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள், தப்பு இருந்தால் அங்கேயே பிடிபடும். காலையில் எழுந்ததும் ஒரு தடவை, படுக்கும் முன் ஒரு தடவை நோட்டைப் பார்ப்பதற்கு அலாரம் வையுங்கள். பார்க்காத நோட்டால் ஒரு பயனும் இல்லை.

சாவி, கண்ணாடி, போன், ரிப்போர்ட் ஃபைல், நாலுக்கும் கதவருகே ஒரு தட்டு அல்லது கூடை. கையிலிருந்து இறங்கினால் அங்கேதான் இறங்க வேண்டும். இதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள், நல்லெண்ணத்தில் யாராவது ஒழுங்கு படுத்தி வேறிடம் வைத்துவிட்டால் அன்றைய பொழுது தேடுவதிலேயே போய்விடும்.

மாத்திரை விஷயத்தில் மட்டும் ஞாபகத்தை நம்பவே கூடாது

ஒரு நாள் காலை, காலியான மாத்திரைக் குழி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். இது இப்போது போட்டதா, நேற்று போட்டதா? பக்கத்தில் தண்ணீர் டம்ளர் பாதி காலியாக இருக்கிறது, அதுவும் நேற்றையதாக இருக்கலாம். சாதாரண மாத்திரை என்றால் பரவாயில்லை. புற்றுநோய் மாத்திரையை வீட்டிலேயே வாய்வழி எடுப்பவர்களுக்கு இது விளையாட்டல்ல, கேபசைட்டபின் போன்றதை வழக்கமாக 14 நாள் போட்டு 7 நாள் நிறுத்துவார்கள், நாள் கணக்குப் பிசகினால் ஆபத்து. மெத்தோட்ரெக்ஸேட்டை வாரம் ஒரு முறை என்று எழுதிக் கொடுத்திருந்தால் அதைத் தினமும் போட்டுவிடுவது உயிருக்கே உலை வைக்கும்.

ஏழு நாளுக்கும் காலை, மதியம், இரவு என்று அறை பிரித்த மாத்திரை டப்பா வாங்குங்கள். வாரம் ஒரு நாள், தலை தெளிவாக இருக்கிற நேரத்தில், இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து மருந்துச் சீட்டை வாசிக்க, நீங்கள் நிரப்புங்கள். அறை காலியா இல்லையா என்பதே பதில், ஞாபகத்தைக் கேட்க வேண்டியதே இல்லை. கீமோ மாத்திரையை மட்டும் இதில் கலக்காமல் அதன் அட்டையிலேயே வைக்கச் சொல்வார்கள், மருந்துக் கடைக்காரரையோ நர்ஸையோ கேட்டுக்கொள்ளுங்கள், அப்படியானால் சுவர்க் காலண்டரில் போட்ட உடனே ஒரு கோடு. போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்துவிட்டால் இன்னொன்று போடாதீர்கள். போன் செய்து கேளுங்கள்.

உங்கள் நல்ல நேரத்தைக் கண்டுபிடியுங்கள்

அந்த ஒரு வாரக் குறிப்பிலிருந்தே இதுவும் தெரிந்துவிடும். எனக்குக் காலை 9 முதல் 11 வரை தலை ஓரளவு தெளிவாக இருக்கும், மூன்று மணிக்கு மேல் பூஜ்யம். அதோடு கீமோ ஏறி முதல் நாலைந்து நாள் மோசம், அடுத்த கீமோவுக்கு முந்தின வாரம் பரவாயில்லை. இந்த வரிசை எல்லோருக்கும் ஒன்றல்ல, உங்களுடையதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். தெரிந்துவிட்டால் கையெழுத்துப் போடுகிற வேலை, பணக் கணக்கு, முக்கியமான பேச்சு எல்லாவற்றையும் அந்த நல்ல நேரத்துக்குள் நகர்த்துங்கள். மோசமான நாட்களில் பெரிய முடிவு எதுவும் வேண்டாம். மந்தமாக இருக்கிற நாளில் வண்டி ஓட்டாதீர்கள், இதில் சமாதானம் பேச இடமே இல்லை.

ஒரு நேரத்தில் ஒரு வேலை. டிவி ஓட, போன் பேச, அடுப்பைப் பார்க்க என்று முன்பு மூன்றையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு இது மிகவும் வலிக்கும், எனக்கு வலித்தது. ஆனால் டிவியை நிறுத்திவிட்டுப் பேசினால் பேச்சு புரிகிறது. அடுப்பைப் பற்ற வைத்தால் அந்த நிமிடமே டைமர் வையுங்கள், டைமரைக் கையோடு எடுத்துப் போங்கள். செய்கிற வேலையை வாயால் சொல்லிக்கொண்டே செய்வதும் உதவும், "கதவைப் பூட்டிட்டேன்" என்று சத்தமாகச் சொல்லிப் பூட்டினால், பாதி வழியில் பூட்டினோமா என்ற சந்தேகம் குறைகிறது.

சொல் வராதபோது அதைத் துரத்தாதீர்கள். துரத்தத் துரத்த ஓடும். அதைச் சுற்றிப் பேசுங்கள், எதற்குப் பயன்படும், எப்படி இருக்கும், எங்கே இருக்கும் என்று சொல்லிவிட்டு மேலே போங்கள். அரை மணி கழித்து, வேறு ஏதோ செய்துகொண்டிருக்கும்போது தானாக வந்து நிற்கும்.

நடை, விளையாட்டு, மாத்திரை

நடங்கள். புற்றுநோயாளிகளுக்காக 2019ல் நிபுணர் குழு தந்த பரிந்துரை, வாரம் 3 நாள், ஒவ்வொரு நாளும் 30 நிமிடம் மிதமான உடற்பயிற்சி. களைப்பும் பதற்றமும் மனச்சோர்வும் குறைவதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது என்றார்கள். ஞாபகத்துக்கு நேராக எவ்வளவு உதவும் என்பதில் ஆதாரம் அவ்வளவு வலுவாக இல்லை, ஆனால் களைப்பு இறங்கினாலே தலைக்கு இடம் கிடைக்கிறது. முப்பது நிமிடம் முடியாதென்றால் ஐந்து ஐந்து நிமிடமாகப் பிரியுங்கள். ரத்தம் உறைய உதவுகிற தட்டணுக்கள் குறைவாக இருந்தாலோ, எலும்பில் நோய் இருந்தாலோ கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

மூளைப் பயிற்சி விளையாட்டுகளைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 2017ல் வெளியான ஓர் ஆய்வு, கீமோ எடுத்த 242 பேரை வைத்து, அவர்களில் ஒரு பகுதியினருக்கு 15 வாரம் கணினிப் பயிற்சி. பயிற்சி எடுத்தவர்கள் தங்களுக்கு நன்றாக இருக்கிறது என்றார்கள், ஆனால் பரிசோதனை மதிப்பெண்ணில் மற்றவர்களோடு வித்தியாசம் வரவில்லை. பிடித்திருந்தால் விளையாடுங்கள், மதிப்பெண் குறைந்தால் அழ வைக்கிறது என்றால் விட்டுவிடுங்கள். என் கணிப்பில் நோட்டுதான் அதைவிடப் பயன். ஞாபக சக்திக்கு என்று விற்கிற ஜிங்கோ என்ற மூலிகை மருந்து பற்றிக் கீமோ எடுத்த பெண்களிடம் முறையாகச் சோதித்தார்கள், பலன் இல்லை, மேலும் தட்டணு குறைந்திருக்கும் நேரத்தில் ரத்தக் கசிவைக் கூட்டலாம். சிலருக்கு டாக்டர்கள் மெத்தில்ஃபெனிடேட் அல்லது மோடாஃபினில் என்ற, விழிப்பைக் கூட்டும் மாத்திரை கொடுத்துப் பார்ப்பதுண்டு, மற்றவை எல்லாம் செய்து பார்த்த பிறகு, அவர்கள் கையால் மட்டும்.

கூட இருப்பவருக்கு

"இப்பத்தானே சொன்னேன்" என்ற வார்த்தையை மட்டும் விட்டுவிடுங்கள். அது ஒவ்வொரு தடவையும் குத்தும். மறுபடி சொல்லுங்கள், முதல் தடவை சொல்கிற அதே குரலில். ஒரு செய்திக்கு ஒரு வாக்கியம். கேள்வி கேட்டால் பதிலுக்குப் பத்து விநாடி விடுங்கள், அவர் தேடிக்கொண்டிருக்கிறார், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லை எடுத்துக் கொடுக்கலாமா என்று ஒரு நாள் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், சிலருக்கு அது உதவி, சிலருக்கு அவமானம். டாக்டரிடம் கூடப் போங்கள், அங்கே சொல்வதை நீங்களும் எழுதுங்கள். எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்ளாதீர்கள், கணக்கை அவரே எழுதட்டும், நீங்கள் இரண்டாவது தடவை சரி பாருங்கள்.

வேலைக்குத் திரும்பும்போது

முடிந்தால் பாதி நேரமாகத் தொடங்குங்கள். யாரிடம் சொல்வது என்பது உங்கள் விருப்பம், நோய் விவரம் சொல்லாமலும் கேட்கலாம்: "சொல்ற வேலையை மெயிலில் எழுதி அனுப்பிடுங்க, காலையில் கூட்டம் வைங்க, சத்தம் குறைவான இடத்தில் உட்கார வைங்க." பெரும்பாலானவர்களுக்குச் சிகிச்சை முடிந்த மாதங்களில் மெல்ல மெல்லத் தெளிகிறது, சிலருக்கு வருடங்கள் ஆகும். மறதி நோய்போல வளர்ந்துகொண்டே போகிற வகை இதுவல்ல. அதனால் போகப் போக மோசமாகிறது என்றால் அது வேறு ஏதோ, டாக்டரிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

கீமோ முடிந்து 6 மாதம், ஒரு வருடம் ஆகியும் வேலையோ வீடோ ஓடவில்லை என்றால் நியூரோசைக்காலஜி பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கவனம், வேகம், ஞாபகம் என்று தனித்தனியாக அளந்து எது குறைந்திருக்கிறது, எது அப்படியே இருக்கிறது என்று சொல்வார்கள், அதை வைத்துத்தான் பயிற்சி தருவார்கள். சில மணி நேரம் பிடிக்கும். உங்கள் நல்ல நேரத்தில் வைக்கச் சொல்லுங்கள், கண்ணாடியை எடுத்துப் போங்கள், நடுவில் ஓய்வு கேளுங்கள், முந்தின இரவு தூக்க மாத்திரை போட்டிருந்தால் உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள். நோட்டும் கூடப் போகட்டும்.